புகை, தண்ணீர், பாத்திரம், சோப்பு: எதை முதலில் மாற்றுவது?

நஞ்சில்லாமல் வாழ்வோம் என்று முடிவெடுக்கும் வீடுகள் பலவும் முதலில் கடைக்குத்தான் போகின்றன. மூங்கில் பிரஷ், செம்புக் குடம், மூலிகைக் குளியல் பொடி என்று இரண்டாயிரம் மூவாயிரம் செலவாகிறது. அதே வீட்டில் அன்று மாலை விறகடுப்பைப் பற்ற வைக்க ஒரு பாலிதீன் பை கிழிபடும். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுவார்கள். ஈயச்சொம்பில் ரசம் கொதிக்கும், அந்த ஈயம் எந்த ஈயம் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். கேரள–தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை உள்ள வீடுகளுக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது: முதலில் புகை, அடுத்து தண்ணீர், அப்புறம் காரீயம், அதன்பின் கழுவும் பொருட்கள், காய்கறி. முதல் மூன்றையும் சரி செய்ய வாங்க வேண்டியது குறைவு, நிறுத்த வேண்டியதுதான் அதிகம்.

அடுப்பும் கொசுவர்த்தியும்

பிளாஸ்டிக் எரியும்போது வருவது வெறும் கெட்ட வாடை அல்ல. குளோரின் கலந்த பிளாஸ்டிக், அதாவது பிவிசி குழாய்த் துண்டு, ரெக்சின், ஒயர் உறை போன்றவை எரிந்தால் டையாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டாகும். அது காற்றோடு போய்விடுவதில்லை. மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டுப் பாலின் கொழுப்பிலும் கோழி முட்டையிலும் தங்கும். வாசலில் குப்பை கொளுத்தும் வீட்டின் கோழி அதே சாம்பலைத்தான் கிளறுகிறது. அந்தச் சாம்பலைத் தென்னைக்குப் போடுவதும் கூடாது.

அடுப்புப் பற்ற வைக்க இந்த ஊரில் பாலிதீன் தேவையே இல்லை. காய்ந்த பன்னாடை ஒரு கைப்பிடி, அதன் மேல் பிரித்த தேங்காய் மட்டை நார், அதற்கும் மேல் உடைத்த தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) இரண்டு துண்டு என்று அடுக்கித் தீக்குச்சி கிழித்தால் போதும். தொட்டியை முதலிலேயே அடியில் வைத்தால் பிடிக்காது, அது தாமதமாகப் பற்றி நெடுநேரம் நின்று எரிவது. ஆடி, ஆவணியில் பன்னாடை ஈரமாகவே இருக்கும். அதனால் சித்திரையிலேயே ஒரு சாக்கு நிறைய எடுத்துப் பரணில் போட்டு வைக்க வேண்டும். ஈர விறகுதான் சமையலறைப் புகைக்கு முதல் காரணம். வெட்டிய விறகைப் பிளந்து, மழை படாத, காற்று ஓடும் இடத்தில் ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் காயவில்லை.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2003ல் வெளியானது. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று அது கணக்கிட்டது. கைக்குழந்தை தூங்கும் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை ஏற்றுவதை முதல் நாளே நிறுத்த வேண்டும். மாட்டுச்சாணச் சுருள், மூலிகைச் சுருள் என்றாலும் புகை புகைதான். நுரையீரலுக்கு அது எதிலிருந்து வந்தது என்ற வித்தியாசம் தெரியாது.

மாற்று இரண்டு. ஒன்று வலை. படுக்கைக்கு வாங்கும்போது சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதைவிட அகன்ற கண்ணில் சின்னக் கொசு நுழைந்துவிடும், மிக நெருக்கமானதில் காற்று வராமல் பிள்ளைகள் உதைத்துத் தள்ளுவார்கள். விளிம்பு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது, பாயின் அடியில் செருக வேண்டும்.

இரண்டாவது, வாரம் ஒரு நாள் தண்ணீர் கொட்டுவது. கேரளத்தில் இதற்கு ‘டிரை டே’ என்றே பெயர். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், எனவே ஏழு நாளைக்கு ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். எங்கே பார்க்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். மல்லாந்து கிடக்கும் தேங்காய்த் தொட்டி, தோப்பில் விழுந்த பாக்கு மட்டையும் தென்னம்பாளையும், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மாட்டுத் தொட்டி, மாடியில் மூடி விலகிய டேங்க். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை ஒட்டும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான்.

தண்ணீர்: கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடாது

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. பல இடங்களில் ஃபுளோரைடும் அளவுக்கு மேல் உள்ளது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. இதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டும் பழுப்புக் கோடும் விழும். விழுந்தது மாறாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டும்போது மிச்ச நீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தாலும், தேற்றாங்கொட்டை உரைத்தாலும், சீரகம் போட்டாலும் அது போகாது. ஆர்.ஓ. இயந்திரம், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி போன்றவைதான் எடுக்கும். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரில் உப்பும் ஃபுளோரைடும் செறிந்திருக்கும், அதைக் கழிப்பறைக்கு ஊற்றலாம், மாட்டுக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் வேண்டாம். தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு என்பதால், இப்படிப்பட்ட தண்ணீரில் நாளுக்கு ஐந்தாறு முறை கட்டன் சாயா போட்டுக் குடிக்கும் வீட்டில் அளவு இன்னும் ஏறும்.

எனவே முதல் செலவு பரிசோதனைக்குத்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள வாட்டர் அத்தாரிட்டி ஆய்வகமும், அந்தப் பக்கம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகமும் செய்து தரும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்திகரித்த பாட்டில்தான் வேண்டும், ஐஸ் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று எனப் பார்த்தால் நல்லது.

ஃபுளோரைடு கூடுதல் என்று தெரிந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீரைப் பிடிப்பது இந்த ஊருக்குப் பொருத்தமான வழி. மழை மறைவுப் பகுதி என்றாலும் இரண்டு பருவமும் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கிறது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 1,250 லிட்டர், சிதறலும் கசிவும் போக 1,000 லிட்டர் கைக்கு வரும். ஐந்து பேருக்குக் குடிக்க, சோறாக்க நாளுக்கு 25 லிட்டர் வைத்தால் அது 40 நாளைக்கு வரும். ஒவ்வொரு மழையிலும் முதல் 50 லிட்டரைத் தொட்டிக்குள் விடக்கூடாது, பறவை எச்சமும் தூசும் அதில்தான் வரும். தொட்டிக்குப் போகும் குழாயில், தொட்டி வாய்க்கு முன்னால் ஒரு ‘டி’ இணைப்புப் போட்டு, அதிலிருந்து மூடிய குழாய் ஒன்றைத் தொங்கவிட்டால் முதல் நீர் அதில் நிறைந்த பிறகே மற்றது தொட்டிக்குப் போகும். ஆறு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும் என்பதால் மூன்று மீட்டர் நீளம் தேவை. மழை நின்றதும் அடிமூடியைத் திறந்து வடித்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டியில் இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையிலிருந்து குடிக்கப் பிடிக்க வேண்டாம், ஓட்டுக் கூரையும் காங்கிரீட் கூரையும் சரி.

திறந்த கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதை ‘கெமிக்கல்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் பரவும் நாட்களில் இந்தக் கெமிக்கல் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அளவாகப் போட்டால் அடுத்த நாளே அதன் வாடை தணிந்துவிடும், கிருமியால் வரும் நோய் அப்படித் தணியாது. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வெள்ளம் புகுந்த கிணறு, வீட்டில் நோய் கண்ட கிணறு என்றால் 5 கிராம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீர் ஆழம் 3 மீட்டர் என்று வையுங்கள். ஆரம் 1 மீட்டர், எனவே 3.14 × 1 × 1 × 3 = 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். சுமார் 24 கிராம் போதும். பொடியை நேராகக் கிணற்றில் தூவக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேல் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் இறக்கி நீருக்குள் மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு கிணற்றில் விழுந்தால் ஏற்கெனவே கடினமான நீர் இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக்கூடாது, ராத்திரி போட்டுக் காலையில் இறைப்பது சௌகரியம். வாய் திறந்து கிடந்த பழைய பொட்டலத்தில் வீரியம் இறங்கியிருக்கும், அதைக் கணக்கில் கொள்ள முடியாது, புதிதாக வாங்குங்கள்.

எந்த ஈயம்?

தமிழில் வந்த ஒரு குழப்பம் இது. வெள்ளீயமும் (டின்) ஈயம், காரீயமும் (லெட்) ஈயம். ஈயச்சொம்பும் பித்தளைக்குப் பூசும் கலாயும் வெள்ளீயத்தால் ஆனவை, அதனால் கெடுதல் இல்லை. காரீயமோ மிகச் சிறு அளவிலும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. விலை குறைவு என்பதற்காக வெள்ளீயத்தில் காரீயம் கலப்பது நடக்கிறது. ரசம் புளிப்பு, புளிப்பில் காரீயம் கரைந்து இறங்கும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயம் 11.3. சொம்பைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நூலில் கட்டி, தொங்கு தராசில் மாட்டி, வாளித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கவிட்டு நிறுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் சிக்கக்கூடாது, சாய்த்து இறக்க வேண்டும். பாத்திரம் வாளியின் அடியையோ சுவரையோ தொடக்கூடாது. முதல் எடையை, நீருக்குள் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வரும். 730 கிராம் சொம்பு நீருக்குள் 630 காட்டினால், குறைந்தது 100, 730ஐ 100ஆல் வகுத்தால் 7.3, சரி. அதே சொம்பு 645 காட்டினால் குறைந்தது 85 மட்டும், அடர்த்தி 8.6, கலப்பு உறுதி. இந்தச் சோதனை தாராளமாகக் கலந்ததை மட்டும் பிடிக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்தால் அடர்த்தி 7.4தான் ஆகும், வீட்டுத் தராசில் அது தெரியாது. ஐந்து பங்கே கெடுதலுக்குப் போதும். ஆகவே தேறாததைத் தூக்கி வைக்க இந்தச் சோதனை உதவும், தேறியதை நம்ப உதவாது. எங்கே வார்த்தது என்று தெரியாத சொம்பை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். எவர்சில்வர் போசியில் ரசத்தை வைத்து, நுரை கூடி வரும் நேரத்தில் இறக்கிவிட்டால் ருசி குறையாது.

கலாய் பூசக் கொடுக்கும்போது வெள்ளீயத்தை நீங்களே நம்பகமான இடத்தில் வாங்கிக் கொடுப்பது நல்லது. பூச்சு தேய்ந்து உள்ளே செம்போ பித்தளையோ சிவந்தும் மஞ்சளாகவும் தெரிய ஆரம்பித்தால் மறுபூச்சு வரை மோர், புளி, எலுமிச்சை எதையும் அதில் வைக்கக்கூடாது, பச்சைக் களிம்பு ஏறும். செம்புக் குடத்துக்கும் இதே விதி. வெறும் தண்ணீர் மட்டும்.

மண்சட்டி வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈர வெள்ளைத் துணியால் உள்ளே தேய்த்துப் பாருங்கள், கறுப்போ சிவப்போ ஒட்டினால் பாலிஷ் அடித்தது, சமையலுக்கு ஆகாது. நல்ல சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைத்தால் நுண்துளைகள் அடைபடும். அதன்பின் சோப்பு போட்டுக் கழுவக்கூடாது. மண் சோப்பை உறிஞ்சி அடுத்த குழம்பில் கக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். காலிச் சட்டியைப் பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும்.

மஞ்சள் தூளையும் இங்கேயே சொல்லிவிடலாம். நிறம் தூக்கிக் காட்டக் காரீய குரோமேட் சேர்ப்பது தெரிந்த கலப்படம், சில சமயம் கிழங்கின் மேல் பூச்சிலேயே சேர்க்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக மினுக்கும் கிழங்கை விட்டுவிட்டு, பாலிஷ் போடாத மங்கலான விரலி மஞ்சளாக வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கடின நீருக்குப் பூந்திக்கொட்டை

சோப்பு கடின நீரில் நுரைக்காது. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, வாளி விளிம்பில் பிசுபிசுவென ஒட்டும் அந்த வெள்ளை ஆடை ஆகிவிடும். நுரை வரும் வரை இன்னும் இன்னும் சோப்பு போடுகிறோம், சாக்கடையில் சோப்பு, துணியில் அழுக்கு. பூந்திக்கொட்டையில் நுரை தரும் சபோனின் என்ற பொருள் அப்படித் திரிவதில்லை, ஆகவே இந்த ஊர்த் தண்ணீருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

விதை நீக்கிய தோல் 20 எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிடுங்கள். விதையில் நுரை கிடையாது, எடை மட்டும்தான். காலையில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்க வைத்து, ஆறியதும் பிசைந்து, துணியில் வடிகட்ட வேண்டும். பொங்கி வழியும், பெரிய போசியாக எடுங்கள். பாத்திரம் கழுவ அப்படியே பயன்படுத்தலாம், துணிக்கு ஒரு வாளிக்கு ஒரு டம்ளர். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் காய்ச்சிவிட்டுப் புளித்ததும் கைவிட்டவர்கள் நிறைய. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றும்போது கவனம்.

பிசுக்கு அதிகமுள்ள வாணலிக்கு இது மட்டும் போதாது. முதலில் சலித்த சாம்பலால் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். சாம்பலைத் துணியில் சலிக்க வேண்டும், கரித்துண்டு இருந்தால் கீறும். அலுமினியத்துக்குச் சாம்பல் ஆகாது, அதன் காரம் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எரித்த சாம்பல் எதற்குமே ஆகாது.

பழத்தோலில் செய்யும் தரை கழுவும் திரவமும் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. வெல்லம் 100 கிராம், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், 90 நாள். கண்ணாடி பாட்டில் கூடாது, வாயு கூடி வெடிக்கும், பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு இடம் விட்டு நிரப்புங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூடுங்கள். மேலே வெள்ளைப் படலம் வந்தால் பரவாயில்லை, கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். இது அமிலம் என்பதால் மார்பிளிலும் மொசைக்கிலும் மெருகு போய்விடும். இது அழுக்கை எடுக்கும், கிருமிநாசினி அல்ல. வீட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது கழிப்பறைக்கு பிளீச்சிங் கரைசல்தான்.

அந்தக் கரைசலைக் கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றை ஊற்றிவிட்டு அலசாமல் இன்னொன்றை ஊற்றினாலும் குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது மூச்சை அடைக்கும். வினிகர், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), மேலே சொன்ன பழத்தோல் திரவம் எல்லாம் இந்த விஷயத்தில் ஆசிட்தான். கடின நீர்க் கறைக்குக் கழிப்பறை ஆசிட் தேவையும் இல்லை: ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி அரை மணி கழித்துத் தேய்த்தால் போகும்.

பீரோவில் பாச்சை உருண்டை போடுவதை நிறுத்துங்கள். அது நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த வாடை ஏறிய துணியை உடுத்தினாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். துணியை வெயிலில் காயப்போட்டு, காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ ஒரு துணி முடிச்சில் கட்டி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தை நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அருகிலேயே ஆகாது.

காய்கறி

கழுவினால் மேலே ஒட்டியது போகும், செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. இதை ஒத்துக்கொண்டுதான் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் புளி கரைத்து வடிகட்டி, காய்களை 15 நிமிடம் ஊறவிட்டு, ஓடும் நீரில் தேய்த்து மூன்று முறை அலசுங்கள். புளி இல்லாவிட்டால் 20 கிராம் கல்லுப்பு. கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழைதான் அதிகம் கவனிக்க வேண்டியவை, இலைப்பரப்பு அதிகம், பச்சையாகவே சேர்க்கிறோம். முட்டைக்கோஸில் வெளியிலைகள் மூன்றை எடுத்துவிடுங்கள். நறுக்கிய பிறகு ஊறவைத்தால் சத்து கரைந்து போவதுதான் மிச்சம், முழுசாக ஊறவைத்துப் பிறகு நறுக்குங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் வளர்க்க முடியாது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தண்டுக்கீரை, முருங்கை, கோவைக்காய் ஆகிய ஐந்தும் முடியும், கடையில் மருந்து பயப்பட வேண்டிய பட்டியலில் பாதி இதிலேயே தீரும். மிளகாயில் இலைச் சுருட்டலுக்கு வேப்பெண்ணெய்ப் பூண்டுக் கரைசல்: ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்துப் பிழிந்த பூண்டு 20 கிராம், பார் சோப்பு 6 கிராம். சோப்பை முதலில் வெந்நீரில் கரைத்து அதில் எண்ணெயை அடித்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து இலையைக் கருக்கும். கடின நீரில் சோப்பு திரிந்துவிடும் என்பதால் மழைநீர் எடுங்கள். மாலையில், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். புகையிலைக் கஷாயத்தை இயற்கை என்று சொல்லிக் கீரையில் தெளிப்பவர்களும் உண்டு. நிகோடின் கடும் நஞ்சு, தின்னும் இலையில் அதற்கு இடமில்லை.

முதலமடை மாங்காய்க் காலத்தில் கார்பைடுக்குப் பயந்தால் முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் வைத்துப் பழுக்க வையுங்கள். காம்போடு, ஒன்றன் மேல் ஒன்று அழுந்தாமல், நான்கைந்து நாள். கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். முற்றாத காயை எதில் வைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும், கொட்டையைச் சுற்றிப் புளிக்கும்.

மிச்சமாவது

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தடை உண்டு. ஆனாலும் பரோட்டாக் கடையில் கொதிக்கும் சால்னா மெல்லிய கவரில்தான் வருகிறது. வண்டியில் ஒரு தூக்குப்போசி நிரந்தரமாகக் கிடக்கட்டும், வீட்டில் வைத்தால் எடுக்க மறந்துபோகும்.

கேரளப் பக்கத்து ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் வெட்டும்போது மூலையைத் தனித்துண்டாக வெட்டி எறியாதீர்கள், அந்தத் துணுக்குதான் மண்ணில் கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. கீறி ஊற்றிவிட்டு, கஞ்சித் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஈரமும் பிசுக்கும் உள்ளதை அவர்களால் மறுசுழற்சிக்கு அனுப்ப முடியாது. மாத்திரை அட்டை, டார்ச் செல், உடைந்த டியூப் லைட் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். டியூப் லைட் உடைந்தால் சீமாறால் கூட்டக்கூடாது, உள்ளே இருக்கும் பாதரசம் தூசோடு பரவும். ஜன்னலைத் திறந்து பதினைந்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் வாரி, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி உள்ள டப்பாவில் போட்டு, அவர்கள் வரும்போது இன்னதென்று சொல்லிக் கையில் கொடுங்கள்.